சளிப் பொருத்தம்

அலாரம் அடித்தது. மிதுன் எழுந்து தன் பக்கத்து வாஷ்பேசினுக்குப் போனான். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குனிந்தான். மூச்சை இழுத்துப் பிடித்துக் காறினான். முதல் இரண்டு முறை ஒன்றும் வரவில்லை. அடுத்ததில் வந்து விழுந்தது. சுண்டுவிரல் நீளம், சாம்பல் நிறம், உள்ளே நூல் நூலாக வெள்ளை. நேற்று முழுக்க அவன் சுவாசித்த ஊர். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான். பல் துலக்கினான்.

விடியும் நேரத்தில் தெரு முழுக்க இதே சத்தம்தான். மாடிக்காரர், எதிர்வீட்டு டெய்லர், டெய்லரின் மனைவி, அவர்கள் வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை. திருப்பூரே ஒன்றாகக் காறி, ஒன்றாகத் துப்பி, ஒன்றாகத் தண்ணீர் ஊற்றும். பால்காரர் வருவதற்குள் எல்லாம் அடங்கிவிடும்.

சமையலறையில் முதலில் அவன் முறை. நீலப் பாத்திரங்கள் அவனுக்கு. சிவப்பு அவளுக்கு. இட்லி ஊற்றி வைத்தான். வெந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு, அவள் பங்கைச் சிவப்புத் தட்டில் வைத்து, சுவரில் இருந்த சின்னத் திறப்பு வழியாக அந்தப் பக்கம் தள்ளினான். திறப்பை மூடினான். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டான்.

வீட்டை இரண்டாகப் பிரித்த கண்ணாடிக்கு அப்பால் அவன் மனைவி பூவிழி தன் வாஷ்பேசினில் குனிந்திருந்தாள். காறினாள். மறுபடி காறினாள். ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து, அவிழ்ந்த முடியை அள்ளிச் செருகிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

“எனக்கு இன்னைக்கு லீவு விட்டிருச்சாட்ட இருக்குது” என்றாள், மைக்கில்.

“நேத்து வந்துச்சா?”

“வந்துச்சு வந்துச்சு. இட்லி கல்லு மாதிரி இருக்குது, அதைக் கவனிங்க மொதல்ல.”

நேற்றும் வரவில்லை. அது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பனியன் கம்பெனிகள் பருத்தியை ஏறக்குறைய விட்டுவிட்டுச் செயற்கை நூலுக்கு மாறியபோது தொடங்கியது இது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் மிதந்தன. மண் தூசியையும் பஞ்சுத் தூசியையும் பிடித்து வெளியே தள்ளத் தெரிந்த மனிதச் சளிக்கு இந்த இழையைப் பிடிக்கத் தெரியவில்லை. அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய்த் தங்கியது. முப்பது வயது ஆட்கள் நாலு படி ஏறிவிட்டு உட்கார்ந்தார்கள். பிறகு எழுந்திருக்கவில்லை.

அப்போது வந்ததுதான் படலம். மூக்கில் ஒரே ஒருமுறை அடிக்கும் மருந்துப் புகை. நெஞ்சுக்குள் இருக்கும் செல்களுக்குப் புதிய சளிப் புரதம் ஒன்றைச் செய்யக் கற்றுக்கொடுக்கும். அதன் பிறகு ஆயுள் முழுக்க அவையே செய்துகொள்ளும் என்றார்கள். அந்தப் புரதம் இழையை விடாமல் பிடித்தது. சாவு நின்றது.

படலம் இரண்டு வகை. ஆலைகள் தங்கள் ஆட்களுக்குப் போட்டது ஒன்று. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போட்டது இன்னொன்று. ஊர் அவற்றுக்கு மில் சளி, ஜி.எச். சளி என்று பெயர் வைத்தது. சில வருஷங்களில், படலம் போட்ட சிலர் நெஞ்சு இறுகி இறந்தபோது ஒரு சுற்றறிக்கை வந்தது. இரு வகைகளும் கலந்தால் இறுகக்கூடும், தவிர்ப்பது நல்லது. அவ்வளவுதான் அதில் இருந்தது.

சட்டம் ஏதும் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. டீக்கடைகளில் இரண்டு வரிசை கிளாஸ் வந்தது. பள்ளிக்கூடங்களில் இரண்டு தண்ணீர்க் குழாய். கல்யாண மண்டபங்களில் இரண்டு பந்தி. ஜாதகத்துக்கு முன்னால் சளி பார்த்தார்கள்.

மிதுன் பயோடெக்னாலஜியில் எம்.எஸ்ஸி. முடித்தவன். பொருத்த மையத்தில் வேலை. பெண் வீட்டார் ஒரு குப்பியும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு குப்பியும் கொண்டுவருவார்கள். சாயத்தாளில் தொட்டால் எந்த வகை என்று தெரிந்துவிடும். ஒரே வகை என்றால் முத்திரை குத்தி அனுப்பிவிடுவான். வேறு வேறு என்றால் பையனும் பெண்ணும் முகம் வெளிறி நிற்பார்கள். எதற்கும் ஒருதடவை கலந்து பாருங்கள் என்று கெஞ்சுவார்கள். அவர்களுக்காக இரண்டு துளிகளையும் கண்ணாடிச் சில்லில் விட்டு, சின்னக் குச்சியால் நன்றாகக் கலக்கி, சாய்த்துக் காட்டுவான். ஓடினால் பொருத்தம். ஒருநாளும் ஓடியதில்லை. நுங்கு மாதிரி நின்றுவிடும்.

பூவிழி அங்கேதான் வந்தாள். அவிநாசிப் பக்கம் ஒரு மாப்பிள்ளைக்காக, அம்மா துளசிமணியோடு. இரண்டும் ஜி.எச். முத்திரை விழுந்தது. துளசிமணி வெளியே போய் ஒறம்பரைச் சொந்தங்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார். பூவிழி நகரவில்லை.

“அவ்ளோதானுங்களா? கலக்கிக்கூடப் பாக்க மாட்டீங்களா?”

“ஒரே வகைங்க. தேவையில்ல.”

“கலக்கறதைப் பாக்கலாம்னு வந்தேன். உங்களுது என்ன வகை?”

“மில்.”

“அப்ப என்னுதையும் உங்களுதையும் கலக்கிக் காட்டுங்க.”

அவன் சிரித்தான். பிறகு செய்தான். கலந்தது இறுகி நின்றது. அவள் சில்லை வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். விழவில்லை.

“எங்க கம்பெனிப் பட்டன் கூட இந்த அளவுக்கு நிக்காது” என்றாள். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் அவள் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு பனியனுக்கும் அவள் பொறுப்பு.

மறுவாரம் குப்பியை மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்கு அடுத்த வாரம் சொல்ல ஒன்றும் இல்லாமலேயே வந்தாள்.

“ஊரெல்லாம் மாப்பிள்ளை கெடக்குது. இவளுக்கு மில் சளிதான் கேக்குதா” என்றார் துளசிமணி. ஆனாலும் மகள் பிடிவாதத்துக்கு முன் தோற்று, கல்யாணத்துக்கு நடுவில் வந்து நின்றார். பாலும் பழமும் கொடுக்கும்போது, நீலத்தில் ஒரு டம்ளர், சிவப்பில் ஒரு டம்ளர் என்று அவரே எடுத்து வைத்தார். மிதுன் குடித்துவிட்டு நீல டம்ளரைக் கீழே வைத்தான். பூவிழி சிவப்பைத் தொடாமல், நீலத்தை எடுத்து அவன் வைத்த மிச்சத்தை ஒரு மடக்குக் குடித்தாள். மண்டபமே பார்த்தது. துளசிமணி பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டார். பால் மாலையில் சிந்தியது.

“ருசி ஒன்னுதான்மா” என்றாள் பூவிழி.

அதற்குப் பிறகு ஒழுங்காகத்தான் இருந்தார்கள். அவன் ஒழுங்குபடுத்தினான். கண்ணாடிச் சுவர், ரப்பர் பட்டை போட்ட கதவு, தனித்தனிக் குழாய். சில ராத்திரிகளில் முகமூடி, கையுறையோடு அவள் பக்கம் போவான். ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். பிறகு தன் பக்கம் வந்து, கதவை மூடி, கொஞ்ச நேரம் நின்று அவள் மூச்சைக் கவனிப்பான். ஒரு முத்தத்துக்கும் அவன் சம்மதித்ததில்லை. படித்தவன். என்ன ஆகும் என்று தினமும் சில்லில் பார்க்கிறவன்.

லீவு என்று பூவிழி சொன்ன அந்தக் காலைக்கு மறுநாளும் அவளுக்குச் சளி வரவில்லை. அதற்கு மறுநாள் பேசும்போதே விசில் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். மூச்சுக் குழாய்களின் அச்சு போலவே உள்ளே சளி ஒரு மரமாக இறுகி நின்றது. கிளையும் சிம்புமாக.

டாக்டர் ஜெசிந்தா படத்தை வெளிச்சத்தில் மாட்டி, மிதுனையும் துளசிமணியையும் உட்காரச் சொன்னார். துளசிமணி உட்காரவில்லை.

“சளின்னா என்னன்னு நினைக்கறீங்கம்மா? பூரா தண்ணிதான். அந்தத் தண்ணியைப் பிடிச்சு நிறுத்தறது மியூசின்னு ஒரு புரதம். பாட்டில் கழுவுற பிரஷ் பாத்திருப்பீங்க. நடுவுல கம்பி, சுத்தி மயிர். அதே மாதிரிதான். மயிருக்குப் பதிலா சர்க்கரை. அதுதான் தண்ணியை இழுத்து வச்சுக்கும். பிரஷ்ஷோட ரெண்டு முனையிலயும் கொக்கி. கொக்கியில கொக்கி மாட்டி வலையாகும்.”

“எம்புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்.”

“சொல்றேன். இயற்கையா நம்ம நெஞ்சுல ரெண்டு விதம் உண்டு. ஒன்னு தினமும் ஓடறது. தூசியைத் தூக்கிட்டு மேல வந்துரும். இன்னொன்னு ஆபத்துன்னா வர்றது. கெட்டியா இருக்கும், சுவரை விடாது. ரெண்டும் அளவோட இருந்தா மூச்சு ஓடும். நாம படலம்னு வச்சது மூணாவது. அது இந்த ரெண்டையும் சேத்துக் கட்டும். கட்டினாதான் இழை மாட்டும். கட்டிட்டு மறுநாள் காலையில விட்டுரணும். இவங்களுக்கு விடல. கொக்கி அளவுக்கு மேல மாட்டிக்கிச்சு.”

“எதனால?” என்றான் மிதுன்.

ஜெசிந்தா வாய் திறப்பதற்குள் துளசிமணி சொன்னார்.

“எதனாலயா? அன்னைக்கு மண்டபத்துல குடிச்சாளே, அதனால. உங்க எச்சி உள்ள போயி ஒக்காந்துக்கிச்சு மாப்ள. நேரம் பாத்து இறுக்குது.”

“அது நடந்து மூணு வருஷம் ஆச்சும்மா” என்றார் டாக்டர்.

“அப்ப தெனமும் பக்கத்துலயே இருந்தாரே, அது?”

“கலப்பா இருக்கலாம். சளித் துணுக்கு எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருக்கோம். பதில் வர்ற வரைக்கும் வழிமுறைப்படி தனியா வைக்கணும். வேற வகை பக்கத்துல வராம இருந்தா தானா தளர வாய்ப்பு இருக்கு.” பிறகு மிதுனைப் பார்த்து, தணிந்த குரலில், “நீங்க கண்ணாடிக்கு வெளியதான் இருக்கணும்” என்றார்.

“அது பழக்கம்தானுங்க” என்றான்.

துளசிமணி ஜி.எச். வகை. உள்ளே போகலாம். அவர் கஞ்சி ஊட்டினார், முதுகு தடவினார், தலை வாரினார். மிதுன் வெளியே நின்று பார்த்தான். ஒவ்வொரு நாளும் பூவிழியின் கழுத்துக் குழி மூச்சுக்கு மூச்சு இன்னும் ஆழமாக விழுந்தது. தளர்வதாக இல்லை. டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் வேறு மருந்து இல்லையா என்று கேட்டான். சித்த மருத்துவர் ஒருவரிடம் போய்த் தூதுவளை லேகியம் வாங்கி வந்தான். தன் படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் தான் உள்ளே போக முடியுமா என்று கேட்டான். அப்படி ஒன்று கிடையாது என்றார் ஜெசிந்தா. ஒருநாள் நடைபாதையில் நின்று மூச்சை அடக்கிப் பார்த்தான். எவ்வளவு நேரம் மூச்சு விடாமல் அவள் பக்கத்தில் இருக்க முடியும் என்று. கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன சாப்ட்டீங்க?” என்று மைக்கில் கேட்டாள் அவள். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தினாள்.

“இட்லி.”

“எந்தத் தட்டுல?”

“என்னுதுலதான்.”

“பொய்யி. செவப்புத் தட்டுல தின்னிருப்பீங்க.”

அவன் அதில்தான் தின்றான்.

“திருடன்” என்றாள். கண்ணை மூடி மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். “ஒரு டவுட்டு. உங்க டெஸ்ட்டுக்குக் கவுண்டர் சாம்பிள் எது?”

“என்னது?”

“நாங்க வெளிநாட்டு பையருக்கு ஒரு பனியன் அனுப்புனா, அதே மாதிரி ஒன்னு எங்க ரேக்குல இருக்கும். சாயம் போகுதுன்னு அவன் மெயில் போட்டா, எங்களுதைத் தொவச்சுப் பாப்போம். எங்களுதும் போனா துணி தப்பு. போகலைன்னா அவன் தொவச்சது தப்பு.” நிறுத்தினாள். துளசிமணி தண்ணீரை நீட்டினார். தலையாட்டி மறுத்தாள். “நீங்க எதைத் தொவச்சுப் பாத்தீங்க?”

“ஒரே வகையைக் கலக்கறதில்ல விழி. வழிமுறையிலயே இல்ல.”

“அதைத்தான் கேக்கறேன். என்னுதை என்னோடயே கலக்கியிருக்கீங்களா?”

அவனுக்குக் கோபம் வந்தது. எதற்கென்று தெரியவில்லை. “மூச்சை வீணாக்காத. சும்மா படு.”

“வேற எதுக்கு வச்சிருக்குது மூச்சு?”

நர்ஸ் உள்ளே வந்து ஆவி மிஷினை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மிதுன் கிளம்பினான். போகும் வழியில் நர்ஸிடம் கேட்டு, பூவிழியின் நெஞ்சிலிருந்து குழாய் வைத்து எடுத்ததில் ஒரு குப்பி வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை மையத்தைத் திறந்தவன் அவன்தான். முதலில் தன்னுடையதை எடுத்தான். ஒரு துளி விட்டான். பக்கத்திலேயே தன்னுடையதே இன்னொரு துளி. குச்சியால் வழக்கம்போல் நன்றாகக் கலக்கினான். சாய்த்தான்.

ஓடவில்லை.

சில்லில் அழுக்கு இருக்கும் என்று நினைத்தான். புதுச் சில்லு எடுத்தான். குச்சியை மாற்றினான். கலக்கினான். நுங்கு மாதிரி நின்றது. அவளுடையதை அவளுடையதோடு கலக்கினான். நின்றது. மேஜை முழுக்கச் சில்லுகள். தலைகீழாகத் திருப்பினாலும் எதுவும் விழவில்லை.

கடைசியாக ஒரு சில்லில் அவளுடையது ஒரு துளி, அவனுடையது ஒரு துளி, இடைவெளி விட்டு வைத்தான். குச்சியை எடுக்கவில்லை. சில்லை மெதுவாக ஒருபக்கம் சாய்த்தான். அவன் துளி நகர்ந்து போய் அவள் துளியைத் தொட்டது. இரண்டும் ஒன்றாயின. எது யாருடையது என்று தெரியவில்லை. அப்படியே வழிந்து விளிம்புக்கு வந்து அவன் கட்டைவிரலில் சொட்டியது.

கலப்பதில் ஒன்றுமில்லை. கலக்குவதில்தான் இருந்தது. குச்சி சுற்றச் சுற்றக் காற்று உள்ளே போயிற்று. காற்று பட்டால் அந்தக் கொக்கிகள் மாட்டிக்கொள்ளும். கல்லூரியில் படித்ததுதான். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியதுதான். இத்தனை காலமாக எத்தனை பேர் முகம் வெளிறி வெளியே போனார்கள் என்று நினைத்துப் பார்த்தான். அவர்கள் முகங்கள் வரவில்லை. அவன் கைதான் கண்ணுக்குத் தெரிந்தது. குச்சியைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

டாக்டருக்குப் போன் போட்டான்.

“டாக்டர், ஒரே வகையும் இறுகுதுங்க. நான் இப்பதான்...”

“தெரியும்” என்றார் ஜெசிந்தா. “ஆய்வு முடிவு காலையில வந்துச்சு. உங்களுக்குப் போன் பண்ணத்தான் இருந்தேன். உங்க வகை ஒரு இழைகூட அவங்க நெஞ்சுல இல்ல மிதுன். அவங்களுதே அவங்களைக் கட்டியிருக்கு. படலத்துக்கு வயசாகுது போல. உள்ள வீக்கம் வந்தா, அந்தக் கொக்கி தானா மாட்டிக்குது.”

“அப்ப தனியா வச்சது?”

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“தனியா வச்சதுக்குப் பதிலா மொத நாளே கொக்கி அவுக்கற மருந்து விட்டுக் கழுவியிருக்கணும். ரொம்பப் பழைய மருந்து. எங்க அலமாரியிலயே இருக்கு. கலப்புன்னு நினைச்சதால கைவைக்கல. தானா தளரும்னு காத்துட்டு இருந்தோம்.”

“இத்தன வருஷத்துல யாருமே சோதிச்சுப் பாக்கலையா?”

“நீங்க பாத்தீங்களா? நானும் பாக்கல.” என்றார் ஜெசிந்தா. “வேற எதைச் சொன்னாலும் நம்ம ஆளுங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க. தடுப்பூசி போடச் சொன்னா கேப்பாங்க. மாத்திரை எழுதினா கூகிள்ல பாத்துட்டு வந்து சண்டை போடுவாங்க. கலந்தா கெட்டுரும்னு ஒரு வரி வந்துச்சு. யார் ஆதாரம் கேட்டா? ஏற்கெனவே தெரிஞ்ச விஷயத்தை எழுதி அனுப்பின மாதிரி இருந்துச்சு நமக்கு.”

“இப்ப கழுவுங்க டாக்டர். இப்பவாவது.”

“கழுவிட்டுதான் இருக்கோம். ராத்திரி மூச்சு தாங்கல. தொண்டையில குழாய் போட்டாச்சு, மயக்கத்துல வச்சிருக்கோம். நீங்க வாங்க.” பிறகு அவரே சொன்னார். “உள்ளயே வாங்க.”

பைக்கை எங்கே நிறுத்தினான் என்று பிறகு அவனுக்கு நினைவில்லை. அறை வாசலில் துளசிமணி கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

“அக்கட்டால போங்க மாப்ள. இருக்கற உசுரையும் எடுக்கவா வந்தீங்க?”

“அத்தை, என்னால இல்லீங்க. டாக்டரைக் கேளுங்க.”

“எனக்கு எவளையும் கேக்க வேண்டாம்.”

“விடுங்கம்மா” என்றார் உள்ளிருந்து ஜெசிந்தா. அவரும் முகமூடி போட்டிருக்கவில்லை.

மிதுன் உள்ளே போனான். கை தானாகச் சட்டைப்பையில் கையுறையைத் தேடியது. வெறும் கையை எடுத்து அவள் கன்னத்தில் வைத்தான். சூடாக இருந்தது. கன்னத்தில் இத்தனை மெல்லிய ரோமம் உண்டென்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மிஷின் அவளுக்காக மூச்சு விட்டது. குழாயில் நுரைத்துக்கொண்டு சாம்பல் நிறத் தண்ணீர் திரும்பி வந்தது. வரவர அது குறைந்தது. ஜெசிந்தா மறுபடி மருந்து விட்டார். மறுபடி.

தலையணையில் அவள் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டான். மூச்சை அடக்கவில்லை. விழி என்று கூப்பிட்டான். இன்னும் என்னென்னவோ சொன்னான். நேற்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். மத்தியானம், வெளியே சாப்பாட்டு வண்டி போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, மிஷின் ஒரே சுருதியில் கூவியது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

துக்க வீட்டில் ஒறம்பரை இரண்டு பக்கமாக உட்கார்ந்தது. மில் ஒருபக்கம், ஜி.எச். ஒருபக்கம். காபி இரண்டு வரிசை டம்ளரில் வந்தது. எல்லாரும் போன பிறகு மிதுன் துளசிமணிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். சில்லில் கண்டதைச் சொன்னான். டாக்டர் சொன்னதைச் சொன்னான். யாரும் காரணமில்லை, பாலும் காரணமில்லை என்றான். அந்த அம்மாள் பக்கத்தில் கிடந்த காபி டம்ளரை எடுத்துப் பார்த்தார்.

“அப்ப நான் அன்னைக்கு டம்ளரைத் தட்டி விட்டது?” என்றார்.

மிதுன் அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தான்.

“ஆசையா குடிச்சுட்டு இருந்தா, சாமி” என்றார். “முழுசாக்கூடக் குடிக்க விடல நானு.”

மையத்துக்குத் திரும்பிப் போனபோது மேலதிகாரிகளுக்கு எல்லாவற்றையும் எழுதினான். ஆராய்ந்து வருகிறோம், மறு உத்தரவு வரும் வரை பழைய முறையே தொடரட்டும் என்று பதில் வந்தது. அவன் குச்சிகளை எடுத்துக் குப்பையில் போட்டான். இப்போது வேறு வேறு வகை ஜோடி வந்து கெஞ்சினால், இரண்டு துளி வைத்து, சில்லை அவர்கள் கையிலேயே கொடுத்துச் சாய்க்கச் சொல்கிறான். துளிகள் சேர்ந்து ஓடுகின்றன. பொருந்துதுங்க, போய்ட்டு வாங்க என்கிறான். நெஞ்சில் எப்போதாவது காலையில் சளி வராமல் நின்றால் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள், கழுவச் சொல்லுங்கள் என்று வாசல்வரை வந்து சொல்கிறான். சில பெற்றோர் மிஷின் ரிப்பேரா என்று கேட்கிறார்கள். சிலர் பக்கத்து ஊர் மையத்துக்குப் போய்விடுகிறார்கள்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்கிறார்கள். அம்மான்னு கூப்ட்டா என்கிறார் துளசிமணி. தண்ணீர் கேட்டதாக நர்ஸ் சொன்னாளாம். மாப்பிள்ளையைப் பாத்துக்கங்கன்னு கையைப் பிடித்துக்கொண்டாள் என்று ஒரு பெரியம்மா எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அவர் அன்று ஊரிலேயே இல்லை. மிதுன் எதையும் மறுக்கவில்லை.

பூவிழி குரலை அவன் கடைசியாகக் கேட்ட அன்றைக்கு, நர்ஸ் ஆவி மிஷினை ஓடவிட்டதும் ஆவி எழுந்து கண்ணாடி முழுக்கப் படிந்தது. அவள் முகம் மறைந்துபோயிற்று. கிளம்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவன் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தான். தெளியவில்லை. அழுத்தித் துடைத்தான். உள்ளே மங்கலாக அவள் கை மூக்குக்குழாயை விலக்குவது தெரிந்தது. மைக் கரகரத்தது.

“அது எம்பக்கம் படிஞ்சிருக்குங்க” என்றாள். “அங்க நின்னு தொடைச்சாப் போகாது.”